காதில் ஒரு ‘க்ளிக்’

“இன்னைக்கும் என் போனைப் பிடுங்கிட்டா!”

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டாள் வாயாடி. பக்கத்து மேஜை நெட்டையன், போன வாரம் தனக்கும் இதே கதிதான் என்று ஒத்து ஊதினான்.

வாஷிங் மெஷின் ரிப்பேர் புகார்களைப் போனில் கேட்டுப் பதில் சொல்லும் ஆபீஸ் அது. அங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. வாடிக்கையாளர் வைக்கிறவரை நாம் போனை வைக்கக் கூடாது. வைத்தால் அன்றோடு வேலை காலி.

சூப்பர்வைசர் யார் பேச்சை வேண்டுமானாலும் கேட்கலாம். அதில் தப்பில்லை. ஆனால் புதிதாக வந்த சூப்பர்வைசர் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதில்லை. எதிர்முனையில் குரல் கொஞ்சம் மாறினால் போதும், காதில் ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம். பேச்சு அவளிடம் போய்விடும்.

வாயாடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளை வேலைக்கு எடுத்ததே அந்த வாய்க்காகத்தான். எரிந்து விழுகிறவனைச் சிரிக்க வைத்து அனுப்பினால்தானே நாலு பேர் மதிப்பார்கள்? அந்த நேரம் பார்த்துப் பிடுங்கிக்கொண்டால் நாமெல்லாம் இங்கே எதற்கு, பொம்மையா?

பிடுங்கித்தான் என்ன கிழித்தாள்? கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து “சரிங்க சார், சரிங்க சார்” என்று முனகுவாள். முடிந்ததும் முகம் கழுவப் போவாள்.

“மகாராணிக்கு மேக்கப் கலைஞ்சிடுச்சு” என்பாள் வாயாடி. எல்லோரும் சிரிப்பார்கள்.

வந்த அன்றே, தன்னை அக்கா என்று கூப்பிடச் சொல்லியிருந்தாள் சூப்பர்வைசர். ஒருத்தரும் கூப்பிடவில்லை. முகத்துக்கு நேரே ‘மேடம்’. முதுகுக்குப் பின்னால் ‘ஒட்டுக்கேட்டம்மா’.

கடைசியில் எல்லோரும் சேர்ந்து மேனேஜர் அறைக்குப் போனார்கள். எங்களை நம்பாதவருக்குக் கீழே எங்களால் வேலை செய்ய முடியாது, ஒன்று அவங்க இருக்கணும், இல்லை நாங்க இருக்கணும் என்று ஒரே போடாகப் போட்டாள் வாயாடி. மேனேஜர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்.

“சின்னப் பசங்க சார். காரணம் சொன்னா போனை எடுக்கவே பயப்படுவாங்க.”

அதைவிட வேறு என்ன திமிர் வேண்டும்? எங்களுக்கா பயம் என்று அந்த அறையிலேயே கொதித்தார்கள்.

மறுநாள் கண்ணாடித் தடுப்பு காலியாக இருந்தது. பதவி போய், வாயாடிக்கு எதிர் மேஜையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள் அவள். வாயாடி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மதியம் ஒருவன் கூப்பிட்டான். மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை என்றான். வாயாடி மாடல் கேட்டாள், ஒழுங்காகச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, நீ இப்போ என்ன உடுத்தியிருக்கே என்று கேட்டான். காதில் விழாத மாதிரி அவள் முகவரி கேட்டாள். அதற்குமேல் அவன் பேசியதை எழுதக் கை கூசுகிறது.

வாயாடி ஹெட்போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். போனை வைக்கவும் முடியாது. ‘க்ளிக்’ வரும், இதோ வந்துவிடும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

அவள் பேசாமல் இருந்ததை அந்த ஆபீஸ் அதுவரை பார்த்ததில்லை. எதிர் மேஜையிலிருந்து ஒரு கை நீண்டது.

“லைனை இங்க மாத்திவிடும்மா.”

வாயாடி பட்டனை அழுத்தினாள். “சொல்லுங்க சார்” என்றது பழைய குரல். இணைப்பு முழுதாக மாறுவதற்குள் அவன் சிரிப்பது வாயாடியின் காதில் விழுந்தது.

“வந்துட்டியா கிழவி? ஒரு பொண்ணையும் பேச விடமாட்டியே! எல்லாத்தையும் நீயே வாங்கிக் கட்டிக்கிட்டு, ராத்திரி எப்படித்தான் தூங்குற?”

“சரிங்க சார்” என்று எதிரில் முனகல் தொடங்கியது.

வாயாடி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மேனேஜர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

“எங்க அக்கா ஒரு போன் பேசிட்டிருக்காங்க சார். வந்து உங்க காதுல வச்சுக் கேளுங்க. அப்புறம் சொல்லுங்க, வைக்கலாமா கூடாதான்னு.”