இரண்டு மணி ரேட்டு

விருதுநகரில் வெயிலுமுத்து மொட்டை மாடி முழுக்க சோலார் பேனல் போட்டபோது, போட்ட பணம் ஐந்து வருடத்தில் திரும்பிவிடும் என்றார்கள். வீட்டு மின்சாரத்தை யாருக்கு வேண்டுமானாலும் நேரடியாக விற்கலாம் என்று சட்டம் வந்ததும், அந்தப் பணத்தை நாலே வருடத்தில் எடுத்துவிடத் தீர்மானித்தார். மதியம் இரண்டு மணிக்கு யூனிட் நாற்பது ரூபாய்க்குப் போனது. அந்த நேரத்தில் சொந்த வீட்டில் ஏசி போட அவருக்கு மனசு வரவில்லை. ஃபேனைக்கூட ஒன்றாம் நம்பரில்தான் ஓடவிட்டார்.

மே மாதக் கடைசியில் ஒரு மதியம் மனைவி சண்முகக்கனியைக் காணவில்லை. தேடிப் போனால், பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சரின் சோபாவில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அறை ஜில்லென்று இருந்தது. அவள் இப்படித் தூங்கிப் பார்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"உக்காருங்கண்ணே. எல்லாம் உங்க வீட்டுக் கரண்டுதான். ரேட்டுதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் டீச்சர்.

உட்கார்ந்தார். வியர்வை அடங்கியது. கைபேசியில் விற்பனை ஏறுவதைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது.

"டீச்சர், இன்னும் ரெண்டு டிகிரி குறைங்களேன். நல்லாருக்கும்."

சண்முகக்கனி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அதை நம்ம வீட்ல போய்க் குறைங்க. அப்பத்தான் நான் வருவேன்."

வெயிலுமுத்து வீட்டுக்குப் போய் ஏசியைப் போட்டார். நஷ்டம், நஷ்டம் என்று கைபேசி கத்தியது. அதை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டு மனைவியைக் கூப்பிடப் போனார்.

அவளோடு எஸ்தர் டீச்சரும், தன் வீட்டு ஏசியை அணைத்துவிட்டுக் கிளம்பி வந்தார்.