முதல் தரம்

ஜன்னல் வெயில் தேவசகாயத்தின் வலது காலில் கிடக்கிறது. சர்க்கரை நோயில் பாதம் அழுகிவிட்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்கள். நர்ஸ் ஷர்மிளா சோப்பு நுரை தடவி அந்தக் காலை மழிக்கிறாள். தொடை நடுங்குவதால் ரேசர் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. "ஆம்பூர்ல தோல் பதனிடுற ஷாப்புல முப்பது வருஷம் தரம் பிரிச்சவராமே? என் வேலையப் பாத்து திட்டாதீங்கண்ணா." "இன்னா சிஸ்டர், இப்டி ரோமத்த வுட்டுவுட்டு எடுத்தா மேஸ்திரி உன்ன அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிச்சிருவான்!" அவர் சிரித்துவிடுகிறார். பக்கத்துக் கட்டில்காரரும் சிரிக்கிறார். நடுக்கம் நிற்கிறது. அவள் வேலையை முடித்து, நுரையைத் துடைத்துவிட்டு, "இப்பச் சொல்லுங்க, பாஸா, ரிஜெக்டா?" என்கிறாள். அவர் எழுந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, மேசையில் விரித்த தோலைத் தடவுவதுபோல் உள்ளங்கையை முழங்காலிலிருந்து கீழே மெல்ல ஓட்டுகிறார். பாதத்துக் கட்டு தொடங்கும் இடத்தில் கை நிற்கிறது. சிரிப்பு போய்விட்டது. "நல்ல தோலு, சிஸ்டர்." ஷர்மிளா ரேசரைத் தட்டில் வைக்கிறாள். ஸ்ட்ரெச்சரின் சக்கரச் சத்தம் வராந்தாவில் நெருங்கி வருகிறது. தோலில் தர எண் போட முப்பது வருடம் சாக்பீஸ் பிடித்த விரல், பழக்கத்தில், அந்த ஈரக்காலின்மேல் ஒன்று என்று எழுதுகிறது.