தூங்குமூஞ்சி மரத்தடி

"மரத்தைக் கேட்டால் பாதி தெரியும், மண்ணைக் கேட்டால்..." என்று பெரியப்பா காகம் ஏதோ சொல்லும். மீதி நம் காகத்துக்கு மறந்துவிட்டது.

அதன் துணை முட்டையிட இன்னும் நாலு நாள்தான் இருந்தது. கூடு கட்ட மரம் பார்க்க வேண்டும். பொறுப்பான காகம் அது. அந்தச் சாலையில் கூடு வைத்திருந்த எல்லாக் காகங்களையும் விசாரித்தது. வேம்பில் இரண்டு கூடுகள், தூங்குமூஞ்சி மரத்தில் ஒன்பது. ஒன்பது குடும்பமும், "இங்கே ஒரு குறையும் இல்லப்பா" என்றன.

"தூங்குமூஞ்சிதான்! ஊரே அங்கதான் இருக்கு" என்று காகம் துணையிடம் பெருமையாகச் சொன்னது.

கீழே கொட்டை கொறித்துக்கொண்டிருந்த அணில் நிமிர்ந்தது. "தம்பி, யாரையெல்லாம் கேட்டே?"

"கூடு இருக்கிற எல்லாரையும் கேட்டேன் அக்கா. ஒருத்தரையும் விடல."

"போன வருஷக் காத்துல கூடு விழுந்தவங்களை?"

"அவங்கதான் இப்ப இங்க இல்லையே!"

"அதான் சொல்றேன். கொஞ்சம் இறங்கி நடந்து பாரு, கால் தேயாது."

காகம் இறங்கி நடந்தது. தூங்குமூஞ்சி மரத்தடியில், சருகுகளுக்குள், கம்பியும் குச்சியும் பின்னிய பழைய கூடுகள் கிடந்தன. எண்ணிப் பார்த்தது. பதினான்கு. ஒன்றில் வெளிர்நீல முட்டை ஓடு ஒட்டியிருந்தது. வேம்பின் அடியை இரண்டு முறை சுற்றியது. பழுத்து விழுந்த வேப்பம்பழங்கள் மட்டுமே கிடந்தன.

"என்னங்க, எங்கே கட்டப்போறோம்?" என்று மேலிருந்து துணை கேட்டது.

வேம்பில் கட்டுவதென்று காகம் முடிவு செய்தது.