திட்டிப் பறித்த இலை

டெல்ஃபின் அந்தப் புதரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

பாறைக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்த ஆர்லோ, தொலைநோக்கியை மனைவி நெட்டியிடம் நீட்டினார். "நீயே பாரு. நான் பார்க்க ஆரம்பிச்சு இன்னைக்கு நாலாவது நாள்."

நெட்டி பார்த்தாள். குன்றின் உச்சியில் சேஜ் என்ற வாசனைச் செடியின் புதர் ஒன்று. அதன் முன்னால், கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, டெல்ஃபின் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். நடுநடுவே ஓர் இலையைக் கிள்ளுவாள், கசக்குவாள், மறுபடியும் திட்டுவாள்.

"செடிகிட்ட பேசினா நல்லா வளரும்னு சொல்வாங்க. பாட்டுப் பாடுறவங்களைக்கூடப் பார்த்திருக்கேன். இப்படி வையறதை இப்பத்தான் பார்க்கறேன்" என்றாள் நெட்டி.

"அதுலதான் இருக்கு சூட்சுமம்."

அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்தின் கிழக்கே அந்த ஆற்றின் இரு கரையிலும் ஆளுக்கொரு கொட்டகை போட்டு ஜின் வடித்தார்கள். இந்தக் கரையில் ஆர்லோ, அந்தக் கரையில் டெல்ஃபின். 'மொத்தம் பன்னிரண்டு வாசனைச் சரக்குகள். பன்னிரண்டாவதை மட்டும் சொல்லமாட்டோம்' என்று அவள் தன் புட்டியில் அச்சடித்திருந்தாள். அந்த ஒரு வரிக்காகவே போர்ட்லண்ட் நகரத்திலிருந்து ஜனம் காரை எடுத்துக்கொண்டு வந்தது.

ஆர்லோவின் ஜினைக் குடித்தவர்கள், கிறிஸ்துமஸ் மரத்தை நக்கியது போல இருக்கிறது என்றார்கள். அவருடைய கொட்டகையில் சுவர் போன் வாரத்துக்கு ஒருமுறை அடிக்கும். எடுத்தால் ராங் நம்பராக இருக்கும்.

அவர் ஆசைப்பட்டு வடித்தது விஸ்கி. அது பீப்பாயில் ஊறி முடிய இன்னும் மூன்று வருடம் வேண்டும். அதுவரை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் சோறு போடுவது ஜின்தான். கோடைப் போட்டியில் பதக்கம் வாங்கினால் மாநிலம் முழுக்கக் கடைகளில் இடம் கிடைக்கும். வாங்காவிட்டால் ஜின் வடிக்கும் கொப்பரையை விற்றுவிட்டு, நெட்டியின் அண்ணன் நடத்தும் டயர் கடைக்கு வேலைக்குப் போக வேண்டும். அந்த மச்சானின் பேச்சை எடுத்தாலே ஆர்லோ எழுந்து வெளியே போய்விடுவார்.

டெல்ஃபின் இறங்கிப் போனதும் இருவரும் புதரிடம் ஓடினார்கள்.

"சாதாரண சேஜ்தானே இது? நம்ம கொட்டகைக்குப் பின்னாடி மண்டிக் கிடக்கு."

"இலையில ஒண்ணும் இல்ல நெட்டி. திட்டுலதான் இருக்கு. திட்டினா செடி பயப்படும். பயந்தா இலையில எண்ணெய் சுரக்கும். ம், நீ ஆரம்பி."

"நான் எதுக்கு?"

"இருபத்தாறு வருஷமா என்னைத் திட்டின அனுபவம் யாருக்கு இருக்கு?"

நெட்டிக்குக் கோபம் வந்தது. அது நல்லதாகப் போயிற்று.

"ஈரக் காலுறையைச் சோபாவுல போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? மூணு வருஷமா என் சம்பளத்துல உட்கார்ந்து பீப்பாய்க்குக் காவல் இருக்கியே, வெட்கமா இல்ல உனக்கு?" என்று புதரைப் பார்த்தே கேட்டாள். ஆர்லோ தலையைக் குனிந்துகொண்டு இலை பறித்தார்.

ஜினுக்கு அந்த மர வாசனையைத் தரும் ஜூனிபர் காயைப் பாதியாகக் குறைத்தார். எலுமிச்சைத் தோலோடு அந்த இலையையும் துணியில் கட்டிக் கொப்பரையின் ஆவியில் தொங்கவிட்டார். வடிந்ததில் ஒரு மிடறு குடித்த நெட்டி ஒன்றுமே சொல்லவில்லை. அவள் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வந்ததில்லை.

போட்டியிலும் பாராட்டுத்தான் கிடைத்தது. 'பொட்டல் வெளியில் மழை பெய்து ஓய்ந்த வாசனை' என்று எழுதி, நடுவர்கள் தங்கப் பதக்கத்தை ஆர்லோவின் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். டெல்ஃபினுக்கு ஆறாவது இடம். முதல் வரிசையில் உட்கார்ந்து அவள் மனதாரக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கைதட்டலைத்தான் ஆர்லோவால் தாங்க முடியவில்லை. மைக்கைப் பிடித்தார்.

"இது என்னோடது இல்ல. டெல்ஃபினோட பன்னிரண்டாவது சரக்கை நான் திருடிட்டேன். பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்சு படுத்து, அவங்க செடியைத் திட்டிப் பறிக்கற வித்தையைப் பார்த்துக் கத்துக்கிட்டேன். பதக்கம் அவங்களுக்குத்தான் சேரணும்."

நடுவர்கள் கூடிக் குசுகுசுத்தார்கள். செய்முறை யாருடையதோ பதக்கமும் அவருக்கே என்று விதி இருந்ததாம். ஆர்லோவின் பெயரை அடித்துவிட்டு டெல்ஃபினின் பெயரை எழுதினார்கள். நெட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்; டயர் கடை தெரிந்திருக்க வேண்டும்.

டெல்ஃபின் திருதிருவென்று விழித்தபடி மேடையேறிப் பதக்கத்தை வாங்கிக்கொண்டாள். நாலு பேர் படம் எடுத்தார்கள். கீழே இறங்கியதும் ஆர்லோ அவள் பக்கத்தில் போய் நின்றார். மனசு பஞ்சு போல லேசாகிவிட்டிருந்தது.

"என்னை மன்னிச்சிடுங்க டெல்ஃபின். இத்தனை வருஷமா நீங்க காப்பாத்தி வெச்சிருந்த ரகசியம்."

"நீங்க என்ன சொல்றீங்கன்னே புரியல ஆர்லோ. பன்னிரண்டாவதா நான் போடறது வெள்ளரிக்காய். வெள்ளரிக்காய்னு எழுதினா யாரு வாங்குவாங்க?"

ஆர்லோ அவளையும் பதக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ தினமும் காலையில குன்று மேல நின்னு யாரைத் திட்டுனீங்க?"

"என்னை விட்டுட்டுப் போனானே, அந்த மனுஷனைத்தான், தொப்பிக்குள்ள இயர்போனை மாட்டிக்கிட்டு. மேல ஏறினாத்தானே செல்போன்ல சிக்னல் கிடைக்குது."