விசர்க் கேள்வி

மாமாங்கத்தின் கை மறுபடியும் மேலே போனது. பக்கத்துக் கதிரையில் இருந்த இரத்தினவேல், “துலைஞ்சுது” என்று வாய்க்குள் முனகினார்.

“பிளீஸ் மிஸ்... வை சைன் டேர்ன்?”

கரும்பலகையில் ஒரு சமனிலி. இரண்டு பக்கத்தையும் மறை மூன்றால் (-3) வகுத்ததும், பெரிது என்ற குறி சிறிது என்று திரும்பிவிட்டது. அது ஏன் திரும்பியது என்றுதான் கேட்கிறான். அதையும் இந்த இங்கிலீசில் கேட்கிறான்!

ஆசிரியை வேரோனிக்கா சிரித்துக்கொண்டே கணக்கை அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கினாள். ‘மிஸ் வேண்டாம், பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்’ என்று முதல் நாளே சொன்னதால் அவள்மீதும் இரத்தினவேலுக்கு மதிப்பில்லை. இப்போது இந்த மடையனுக்காக இன்னொரு பதினைந்து நிமிடம் வீண்.

அது 1986 யூலை. ரொறன்ரோவில் ஒரு கல்லூரியின் கோடை வகுப்பு. ஒரு வருடத்து அல்ஜிப்ராவை ஏழு வாரத்தில் விழுங்க வேண்டும். அறுபது புள்ளி எடுத்தால் செப்டெம்பரில் கணக்கியல் டிப்ளோமாவுக்கு இடம் கிடைக்கும். எடுக்காவிட்டால் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வாளிக்கு மூடி போட்டுக்கொண்டு இன்னொரு வருடம் நிற்க வேண்டியதுதான்.

கொழும்பில் பதினொரு வருடம் பிரதம லிகிதராக, எழுத்தர்களுக்கெல்லாம் தலைவராக இருந்தவர் இரத்தினவேல். அவர் பார்க்காமல் அவருடைய மேசையைத் தாண்டி ஒரு கடிதமும் போனதில்லை. அப்படிப்பட்டவர் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், அதுவும் மாமாங்கம் என்ற இந்த மட்டக்களப்பானுக்குப் பக்கத்தில், கொப்பியும் பேனையுமாகக் குந்தியிருக்க வேண்டி வந்துவிட்டது.

வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு மாமாங்கம்தான் தொட்டுக்கொள்ள. “‘வை சைன் டேர்ன்’ எண்டு கேக்கிறான் ரதி! போன கிழமை, ‘வை டூ ஆன்சர்?’ எண்டான், ஒரு கணக்குக்கு ஏன் ரெண்டு விடையாம். ஒவ்வொரு நாளும் ஒரு விசர்க் கேள்வி.”

மனைவி ரதி சிரித்து ஓய்ந்து, “அதுக்கு ரீச்சர் என்ன சொன்னவ?” என்றாள்.

“ரெண்டு அஞ்சை விடச் சின்னன். ரெண்டுக்கும் முன்னால மறைக்குறி போட்டுப் பாரும். மறை ரெண்டுதான் இப்ப பெரிசு. அதுதான் குறி திரும்புது.”

“அட, இவ்வளவுதானோ?”

“இவ்வளவுதான். உதுகூடத் தெரியாமல் வந்து குந்தியிருக்கிறான்!”

ஆறாம் வாரம் ஒரு நாள் மாமாங்கம் வரவில்லை. அகதி விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். அன்று பின்ன அடுக்குகள். வேரோனிக்கா மளமளவென்று எழுதிக்கொண்டு போனாள். “எனி கொஸ்ரியன்ஸ்?” என்று வகுப்பைப் பார்த்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அரைமணி முன்னதாகவே வகுப்பு முடிந்தது.

“இண்டைக்குத்தான் வகுப்பு வகுப்பு மாதிரி இருந்தது” என்றார் இரத்தினவேல் வீட்டுக்கு வந்து.

“என்ன படிப்பிச்சவ?”

“அடுக்குகள்” என்றுவிட்டு ரீவியைப் போட்டார்.

இறுதிப் பரீட்சையில் பின்ன அடுக்கில் மூன்று கணக்கு வந்தது. எட்டின் மூன்றில் இரண்டாம் அடுக்கை இரத்தினவேல் கால்மணி நேரம் உற்றுப் பார்த்தார். அதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்றையும் வெறுமையாக விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

அடுத்த வியாழன் விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரத்தினவேலுக்கு அறுபத்துமூன்று. மயிரிழையில் தப்பிய நிம்மதியோடு, பக்கத்தில் இருப்பவன் எந்தப் பாதாளத்தில் கிடக்கிறான் என்று பார்க்கும் ஆசை வந்தது. கழுத்தை நீட்டினார்.

தொண்ணூற்றேழு.

பார்த்து எழுதியிருப்பான் என்றுதான் முதலில் தோன்றியது. யாரைப் பார்த்து? அந்த மேசையில் இருந்த மற்றத் தாள் அறுபத்துமூன்று. வராத நாள் படிப்பித்த பின்ன அடுக்கு மூன்றும்கூடச் சரி.

பஸ் தரிப்பில் வைத்து அவனைப் பிடித்தார். “ஐசே, நில்லும். உமக்கு உந்தக் கணக்கெல்லாம் முதலே தெரியுமோ?”

மாமாங்கம் கூச்சத்தோடு நெளிந்தான். “புத்தகத்தை முதல் நாளே பாத்திட்டு வருவன் அண்ணன். அப்படி ஒண்டும் கஷ்டம் இல்லத்தானே.”

இரத்தினவேலுக்கு முகம் சிவந்தது. ஏழு வாரம் சேர்த்து வைத்த எரிச்சலெல்லாம் ஒன்றாகப் பொங்கியது. “அப்ப என்னத்துக்கு ஐசே நாளுக்கொரு விசர்க் கேள்வி கேட்டுக் கையைத் தூக்கினனீர்? முழு வகுப்பும் உம்மைப் பாத்துச் சிரிச்சது தெரியுமோ?”

“தெரியும் அண்ணன்.”

“பிறகென்ன?”

பஸ் வந்து நின்றது. மாமாங்கம் ஒதுங்கி, அவரை முதலில் ஏறவிட்டான். பின்னால் ஏறிக்கொண்டே, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்:

“நீங்க எழுதாம முழிச்சிட்டு இருப்பீங்க. ஆனா, கேக்க மாட்டீங்களே அண்ணன்.”