தினமும் போட ஒரு படம்

வெள்ளிக்கிழமை வந்தால் இளவரசனுக்குத் தியேட்டர்தான் கோயில். ஸ்ரீரங்கத்தில் அவன் குடியிருந்த அபார்ட்மெண்ட்டே அவனைக் கேட்காமல் படத்துக்குப் போகாது.

மேல்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பிரேமலதாவும் அவனைப் படிக்கட்டில் நிறுத்தினாள். அவளுடைய ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு.

“ஆன்லைன்ல ஒரு படம் விலைக்கு வாங்கணுங்க. தினமும் போடணும். சமீபத்துல என்ன பாத்தீங்க?”

“ஒரு காமெடி. வயிறு வலிக்கச் சிரிச்சேன்.”

“சிரிப்பு ஆகாதுங்க.”

“பேய்ப்படம்? பல்லைக் கடிச்சுக்கிட்டுதான் பாத்தேன்!”

அவள் விரலைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். “ஐயோ, அது மட்டும் வேணாங்க!”

இளவரசனுக்குப் பொறுமை போய்விட்டது. “அப்புறம் ஒரு அறுவை இருக்கு. ரெண்டரை மணி நேரமும் ஹீரோ ஆத்தங்கரையில நடக்குறான். தியேட்டரே திறந்த வாய் மூடாம கொட்டாவி விட்டுச்சு. சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க!”

“திறந்த வாய் மூடவே இல்லையா?” என்றவள், நின்ற இடத்திலேயே போனை எடுத்து அந்தப் படத்தை வாங்கிவிட்டாள்.

ரசனை கெட்ட ஜென்மம் என்று அவன் அபார்ட்மெண்ட் முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

மறுவாரம் கடைவாய்ப் பல் வலி உயிரை எடுக்க, தில்லை நகரில் ஒரு கிளினிக்குக்கு ஓடினான். நாற்காலியில் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். தலைக்கு மேலே, கூரையில் ஒரு டி.வி. அதில் ஹீரோ ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தான்.

இளவரசனின் வாய் தானாகத் திறந்தது.

“அப்படியே இருங்க” என்றது மாஸ்குக்குள்ளிருந்து பிரேமலதாவின் குரல். “இந்தப் படம் போட ஆரம்பிச்சதுலேருந்து ஒருத்தர்கூட என்னைக் கடிக்கலைங்க.”