அடுப்படிக் குரல்

அமாவாசைச் சமையலை முடித்துவிட்டு, அடுப்படி அலமாரியில் இருந்த சின்னப் பேசியின் வழியே மகள் பூவிழியிடம் ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தாள் திலகவதி. பூவிழி கனடா போய் மூன்று வருடமாகிறது. ஆனாலும் அம்மா எந்நேரம் கூப்பிட்டாலும் பேச்சுக்கு வந்துவிடுவாள்.

"உங்க சித்தி ஒரு ஆடு வாங்கியிருக்குது கண்ணு. அது அவளையே முட்டித் தள்ளுது."

"அதுக்குள்ள ஆட்டுக்கும் சித்தியப் பத்தித் தெரிஞ்சு போச்சா?" என்று சிரித்தாள் பூவிழி.

அப்போது வாசல் மணி அடித்தது. திலகவதி போய்க் கதவைத் திறந்தாள். பெட்டியோடு பூவிழி நின்றுகொண்டிருந்தாள்.

"சொல்லாம வந்தா இப்படியா முழிப்ப? அப்பாவுக்குச் சட்டை எடுத்தாந்திருக்கேன். எங்கம்மா அவுங்க?"

"அப்பா ஐப்பசியிலயே போயிட்டாங்களே! உங்கிட்டத்தான மொதல்ல சொன்னேன்? வர முடியலயேன்னு விடிய விடிய எங்கூட அழுதியே."

பூவிழியின் கையிலிருந்த சட்டை நழுவி விழுந்தது. வேலை நெருக்கடியில் தனக்குப் பதிலாகத் தன் குரலில் பேசும் செயற்கை நுண்ணறிவுச் செயலியை அம்மாவிடம் பேச விட்டிருந்ததையும், அது அனுப்பிய வீட்டுச் செய்திகளை ஒரு நாளும் திறந்து பார்க்காததையும் அழுதுகொண்டே சொன்னாள்.

அடுப்படியிலிருந்து அதே குரல் கேட்டது.

"அம்மா, காக்காய்க்கு இன்னும் சோறு வெக்கலியே? அப்பா பசியோட காத்திருப்பாங்க. வாசல்ல யாரு?"

திலகவதி வந்தவளின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"யாரோ ஒரு புள்ள வந்திருக்குது கண்ணு. அப்பா போனதே தெரியாதாம்."